பெரியப்பாவின் பிரஷர் மாத்திரையும் மகளின் பாம்பு ஆசையும்

அம்மா, வணக்கம்.

இரண்டாவது தடவையும் நீட் கைகொடுக்கவில்லை, ஜார்ஜியாவில் எம்.பி.பி.எஸ். சேர்த்துவிடலாம் என்று பெரியப்பா நெருக்குகிறார், மகளோ பாம்பு விஷத்தை ஆராயப்போவதாக அடம்பிடிக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பதற்றம் புரிகிறது. ஆனால் வீட்டுமனையை விற்கிற பேச்சு வரை போய்விட்டதால், ஆறுதலை இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மனையை விற்காதீர்கள். ஜார்ஜியாவில் படித்து முடித்தாலும், வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்களுக்கு இங்கே நடத்தும் எஃப்.எம்.ஜி.இ. தேர்வில் தேறினால்தான் டாக்டராகத் தொழில் செய்ய முடியும். எழுதுபவர்களில் பாதிப்பேர்கூடத் தேறாத தேர்வு அது. மருத்துவத்தை ஆசைப்பட்டுப் படிக்கிற பிள்ளைகளே அதில் திணறுகிறார்கள். உங்கள் மகள் தனியாக ஒரு தாள் வைத்து அனுப்பியிருக்கிறாள், பார்த்தீர்களா? கண்ணாடி விரியன் கடித்தால் ரத்தம் ஏன் உறைவதில்லை, நாகம் கடித்தவருக்கு இமை ஏன் தொங்குகிறது என்று பக்கம் முழுக்கக் கேள்விகள். டாக்டராக வேண்டும் என்று அதில் ஒரு வரி இல்லை.

சொந்தக்காரர்கள் "பாம்பாட்டி படிப்பா?" என்று சிரிக்கிறார்களாம். பெரியப்பாவுக்கு ரத்தக்கொதிப்பு என்று எழுதியிருந்தீர்கள். அவர் மாத்திரை அட்டையைப் புரட்டிப் பாருங்கள். எனலாப்ரில், ராமிப்ரில் என்று ‘ப்ரில்’ எனப் பெயர் முடிந்தால், அந்த வகை மருந்துகளுக்கெல்லாம் மூத்தது கேப்டோப்ரில். பிரேசில் நாட்டு ஜராராகா விரியனின் விஷத்தில் அந்நாட்டு விஞ்ஞானி செர்ஜியோ ஃபெரேரா 1960களில் கண்டறிந்த பொருளிலிருந்து கிளம்பிய ஆராய்ச்சி, 1981இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மாத்திரையாக முடிந்தது. மாரடைப்பு நோயாளிகளுக்கு ரத்தம் கட்டாமலிருக்கக் கொடுக்கும் டிரோஃபிபான் உருவாக வழிகாட்டியதும் ஒரு விஷப் புரதம்தான், நம் வரப்பிலும் திரிகிற சுருட்டை விரியனுடையது. அவள் கேட்ட கண்ணாடி விரியன் விஷயமும் சுவையானது. அந்த விஷம் ரத்தத்தை உறையவைக்கும் பொருள்களை ஒரேயடியாகத் தூண்டிவிட்டுத் தீர்த்துவிடுகிறது, அதனால்தான் அப்புறம் ரத்தம் உறைவதில்லை. அதே விஷத்தை நன்றாக நீர்த்துப்போகச் செய்து, அடிக்கடி கரு கலைகிற பெண்களுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை செய்கிறார்கள்.

இந்த விஷ ஆராய்ச்சி வேலையில் பாம்பைத் தொட வேண்டிய அவசியமே பலருக்கு வராது. சோதனைக்கூடத்துக்கு விஷம் உலர்ந்த தூளாக வரும். அதைக் கரைத்து, கருவியில் ஏற்றி, புரதம் புரதமாகப் பிரித்து, ஒவ்வொன்றும் என்ன செய்கிறது என்று பார்ப்பதுதான் வேலை. பாம்பு பிடிப்பது வேறு கலை. சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் முதலைப் பண்ணை வளாகத்தில் 1978 முதல் இயங்கும் இருளர் கூட்டுறவுச் சங்கத்தார், வனத்துறை அனுமதியோடு நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கையும் பிடித்து, விஷம் எடுத்துவிட்டு, அடிவயிற்றுச் செதிளில் அடையாளமிட்டுத் திரும்பக் காட்டில் விடுகிறார்கள். அதே பாம்பு மறுபடி சிக்கினால் தெரிய வேண்டுமே. அந்தச் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. மகளை ஒருநாள் அங்கே அழைத்துப் போங்கள். அனுமதி இல்லாமல் பாம்பைப் பிடிப்பது குற்றம் என்பதையும் அவளிடம் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள். வீடியோ பார்த்துக் கை துறுதுறுக்கும் வயது.

இதில் இன்னும் ஆராய என்ன மிச்சம் இருக்கிறது என்று கேட்பீர்கள். நம் நாட்டில் ஆண்டுக்குச் சுமார் 58,000 பேர் பாம்புக்கடியில் இறப்பதாக 2020இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. ஒரே இனப் பாம்பின் விஷமே ஊருக்கு ஊர் மாறுவதால், இருக்கிற விஷமுறிவு மருந்து எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பலிப்பதில்லை. குதிரை ரத்தத்திலிருந்து எடுக்கும் இந்த மருந்துக்குப் பதிலாகச் செயற்கை எதிர்ப்புப் புரதம் உருவாக்க, பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் கார்த்திக் சுனகரின் குழு முயன்றுவருகிறது.

வழி இதுதான். அவள் பயாலஜி-மேத்ஸ் குரூப் என்பதால் முதலில் ஐசர் எனப்படும் மத்திய அரசின் அறிவியல் கல்வி நிறுவனங்களுக்கான நுழைவுத்தேர்வு. இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம் நான்கும் வரும். நீட்டுக்குப் படித்தது வீண்போகாது, கணிதத்தைத்தான் தூசி தட்ட வேண்டும். கிடைக்காவிட்டால் பக்கத்து அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. உயிர்வேதியியல். கட்டணம் கோச்சிங் சென்டருக்கு நீங்கள் கட்டியதில் ஒரு துளிகூட வராது. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் தமிழக அரசின் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். அப்புறம் எம்.எஸ்சி. சேர்க்கைக்கான ஜாம் தேர்வெழுதி நல்ல இடத்தில் எம்.எஸ்சி., அதன்பின் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். எனும் இளநிலை ஆய்வாளர் தகுதி வாங்கிவிட்டால் முனைவர் பட்டத்துக்குப் படிக்கும்போதே மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை.

ஒன்றை மறைக்க மாட்டேன். நிலையான வேலையில் உட்கார இருபத்தெட்டு, முப்பது வயதாகிவிடும். எல்லோருக்கும் பேராசிரியர் வேலை கிடைக்காது. விஷமுறிவு மருந்து, தடுப்பூசி, பரிசோதனைக் கருவி தயாரிக்கும் நிறுவனங்களுக்குப் போகிறவர்களே அதிகம், அதற்கு ஹைதராபாத்துக்கோ மகாராஷ்டிரத்துக்கோ கிளம்பத் தயாராக இருக்க வேண்டும். இடையில் கல்யாணப் பேச்செடுத்துப் படிப்பை நிறுத்துவதாக இருந்தால் இப்போதே அவளிடம் சொல்லிவிடுங்கள், அவள் முடிவு செய்யட்டும்.

மூன்றாவது தடவை நீட் எழுதலாமா என்ற கேள்விக்கு, அவளாக வந்து கேட்டால் ஒழிய வேண்டாம் என்பதே என் பதில். ஜார்ஜியா ஏஜென்ட்டுக்கு முன்பணம் கொடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். ரசீது இருக்கிறதா? இருந்தால் இந்த வாரமே எழுத்தில் திருப்பிக் கேளுங்கள், போனில் பேசிக்கொண்டிருக்காதீர்கள்.