மாமண்டூரில் துத்தநாகமும் ஈயமும் செம்பும் இருந்தும் ஏன் சுரங்கம் வரவில்லை?

கேள்வி கேட்டவர் விளக்கமாகவே எழுதியிருக்கிறார். விழுப்புரம் பக்கம் மாமண்டூரில் பல உலோகங்கள் கலந்த சல்ஃபைடு தாது, அதாவது உலோகம் கந்தகத்தோடு சேர்ந்த தாது, கிடைத்ததாகப் படித்தாராம். ‘கிடைத்த பிறகும் சும்மா கிடப்பது ஏன், யாராவது மறைக்கிறார்களா’ என்று கேட்கிறார். சென்னையில் ஒரு கல்லூரியில் தாதுக்களை நுண்ணோக்கியில் பார்க்கக் கற்றுக்கொடுப்பது என் வேலை. அந்த அனுபவத்திலிருந்து பதில் சொல்கிறேன்.

மறைக்க எதுவும் இல்லை. அரசு அமைப்புகள் துளையிட்டுப் பார்த்து, அளவைக் கணக்கிட்டு, தேசியக் கனிமக் கணக்கிலும் சேர்த்துவிட்ட இடம் அது. ஆனால் தாது இருப்பது வேறு, சுரங்கம் ஆவது வேறு. நடுவே உள்ள தூரத்தைத்தான் விளக்க வேண்டியிருக்கிறது.

முதலில் ஊர்க்குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். சென்னைக்காரர்களுக்கு மாமண்டூர் என்றால் திருச்சி நெடுஞ்சாலையில் செங்கல்பட்டைத் தாண்டி பஸ் நிற்கும் இடம். கோயில் பார்ப்பவர்களுக்கு மகேந்திரவர்மனின் குடைவரைகள் உள்ள, காஞ்சிபுரத்துக்குப் பக்கத்து மாமண்டூர். நாம் பேசுவது இரண்டும் அல்ல, பழைய தென்னார்க்காட்டு மாமண்டூர்.

அந்தத் தாது கிடக்கும் பாறைக் குடும்பத்தைப் பார்க்க அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் வெட்டியெடுத்த நீலங்கலந்த கரும்பச்சைப் பாறை அந்தக் குடும்பம்தான். கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இந்தப் பாறை என்பதால் 1893இல் நிலவியலாளர் தாமஸ் ஹாலந்து இதற்குச் சார்னோகைட் என்று பெயர் வைத்தார். வடதமிழ்நாட்டின் அடித்தளத்தில் பெரும்பகுதி இந்தச் சார்னோகைட்டும் அதன் உறவுப் பாறைகளும்தான். சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் ஆழத்தில் 700, 800 டிகிரி வெப்பத்தில் வெந்து உருமாறியவை. இந்த அளவுக்கு உருமாறிய நிலையைக் கிரானுலைட் நிலை என்கிறோம். மாமண்டூர்த் தாதுவும் இந்த வெப்பத்தைப் பாறையோடு சேர்ந்து அனுபவித்தது. என் பதிலின் பெரும்பகுதி இந்த ஒரு செய்தியிலிருந்துதான் கிளம்புகிறது.

துத்தநாகம், ஈயம், செம்பு மூன்றும் சேர்ந்து கிடக்கும் சல்ஃபைடுப் படிவுகளில் பல, கடலடி வெந்நீர் ஊற்றுகளில் பிறந்தவை. 1979இல் கிழக்குப் பசிபிக் கடலடி முகட்டில் ஆல்வின் என்ற ஆழ்கடல் ஊர்தியில் போனவர்கள் கரும்புகையைப் போலச் சீறும் ஊற்றுகளைக் கண்டார்கள். 350 டிகிரிக்கும் மேலான நீர், கரைத்துக்கொண்டு வந்த உலோகத்தைக் குளிர்ந்த கடலில் சல்ஃபைடாகக் கொட்டிக்கொண்டிருந்தது. அங்கே படியும்போது தாது மாவு போல நுண்ணியது. அதைப் பூமிக்குள் ஆழமாக இறக்கி, கோடிக்கணக்கான ஆண்டுகள் வெப்பத்தில் வைத்தால் மணிகள் பெரிதாகின்றன. மணி பெரிதானால் அரைப்பதும் பிரிப்பதும் எளிது. அந்த வகையில் உருமாற்றம் நமக்கு நன்மை செய்திருக்கிறது.

தீமையும் செய்திருக்கிறது. ஈயச் சல்ஃபைடான கலீனா மென்மையானது. வெப்பத்தோடு அழுத்தமும் சேரும்போது பாறை மடிந்தால் அது பிதுங்கி மடிப்பின் முனையில் போய்ச் சேரும். செம்புச் சல்ஃபைடும் அப்படியே நகரும். அதனால் தாது சீரான பலகையாக இல்லாமல் இங்கே தடித்தும் அங்கே மெலிந்தும் நடுவில் காணாமல் போயும் கிடக்கும். ஒரு துளையில் பல மீட்டர் தாது வரும், பக்கத்துத் துளையில் வெறும் பாறை வரும். நிறையத் துளை போட்டாலொழிய அளவை நம்ப முடியாது. நிறையத் துளை போடுவதற்கோ அளவு பெரிதாக இருக்கும் என்ற நம்பிக்கை முதலில் வேண்டும்.

தேடும் முறையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சல்ஃபைடு மழைநீர் பட்டு அழுகினால் மேலே துருநிறத் தொப்பி ஒன்று உண்டாகும். கோசன் என்போம். செம்மண்ணும் துருக்கல்லும் நிறைந்த நம் நாட்டில் எது கோசன், எது வெறும் துருக்கல் என்று பிரித்தறியப் பழகிய கண் வேண்டும். உண்மையான கோசனை உடைத்தால் உள்ளே கரைந்துபோன சல்ஃபைடு மணிகளின் காலிக் கூடுகள் தேன்கூடு போலத் தெரியும். ராஜஸ்தானின் ராம்புரா ஆகூச்சா இப்படித்தான் 1977இல் அகப்பட்டது. இன்று உலகின் பெரிய துத்தநாகச் சுரங்கங்களில் அதுவும் ஒன்று. ஆஸ்திரேலியாவின் புரோக்கன் ஹில்லில் 1883இல் சார்லஸ் ராஸ்ப் என்ற ஆட்டுப்பண்ணை ஊழியர், வேலி பார்த்து வரும் வழியில் கண்ட கறுத்த பாறைமுகட்டை வெள்ளீயத் தாது என்று எண்ணிப் பதிவு செய்தார். உள்ளே இருந்ததோ ஈயமும் வெள்ளியும் துத்தநாகமும். அங்கும் பாறை கிரானுலைட் நிலைக்கு உருமாறியதுதான். ஆகவே ‘நம் பாறை அதிகமாக வெந்துவிட்டது, அதனால் தாது தேறாது’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அடுத்தது மின் அளவீடுகள். நிலத்தடி நீர்மட்டத்தை ஒட்டிக் கிடக்கும் சல்ஃபைடு தானாகவே ஒரு மின்கலமாக இயங்கும். தரையில் இரண்டு மின்முனைகளை வைத்தால் நூற்றுக்கணக்கான மில்லிவோல்ட் வேறுபாடு கிடைக்கலாம். பார்க்க மந்திரம் போல இருக்கும். ஆனால் தமிழ்நாட்டில் இதற்கு ஒரு பெரிய எதிரி உண்டு: கிராஃபைட். அதுவும் மின்சாரம் கடத்தும், அதே மாதிரியான சமிக்ஞையைத் தரும். கிரானுலைட் நிலப்பகுதிகளில் அது சாதாரணமாகக் கிடைக்கும், சிவகங்கையில் சுரங்கமே நடக்கிறது. காந்த அளவீடும் இங்கே முழுதாகக் கைகொடுக்காது. பைரோடைட் என்ற இரும்புச் சல்ஃபைடு காந்தத்தன்மை உள்ளது என்பது சரி. ஆனால் சார்னோகைட்டிலேயே மேக்னடைட் என்ற, காந்தத்தன்மை மிகுந்த இரும்பு ஆக்சைடு இருக்கும். எனவே தென்னிந்தியாவில் சமிக்ஞையை மட்டும் நம்பித் துளையிடுவது பணத்தை ஆற்றில் போடுவதற்குச் சமம். மண் மாதிரியிலும் ஓடை மணலிலும் உலோகம் கூடியிருக்கிறதா என்று பார்த்து, அதோடு மின் அளவீடு பொருந்துகிறதா என்று பார்த்து, பிறகே துளையிடும் இயந்திரம் வர வேண்டும்.

இனி மாமண்டூரின் சுவையான பகுதி. துத்தநாகச் சல்ஃபைடுக்கு ஸ்பேலரைட் என்று பெயர். தூயதாக இருந்தால் எடையில் 67 சதவீதம் துத்தநாகம். கடும் வெப்பத்தில் ஸ்பேலரைட்டில் உள்ள துத்தநாகம் கந்தகத்தை விட்டுவிட்டு, சுற்றியுள்ள பாறையின் அலுமினியத்தோடு சேர்ந்து கானைட் என்ற கனிமமாகிவிடும். ஸ்பினல் குடும்பத்தைச் சேர்ந்தது, குவார்ட்ஸைவிடக் கடினமானது. மாமண்டூர்த் தாதுவில் உள்ள இந்தத் துத்தநாக ஸ்பினல் பற்றி 1999இல் ஆய்வுக் கட்டுரையே வெளிவந்திருக்கிறது.

இதை மாணவர்களுக்குக் காட்டுவதில் எனக்கு அலுப்பே வந்ததில்லை. வெட்டிய துண்டை வைரப் பசையிட்டு மெருகேற்றி, மேலிருந்து ஒளி விழும் நுண்ணோக்கியில் வைப்போம். கலீனா பளீர் வெள்ளை. மென்மையானது என்பதால் மெருகிடும்போதே பெயர்ந்து, முக்கோண வடிவில் சின்னச் சின்னக் குழிகள் விழுந்திருக்கும். செம்புச் சல்ஃபைடான சால்கோபைரைட் பித்தளை மஞ்சள். பைரோடைட் லேசான இளஞ்சிவப்பு ஏறிய வெண்மை. ஸ்பேலரைட் சாம்பல் நிறம், சில நேரம் உள்ளே மஞ்சள் புள்ளிகளாகச் செம்புத் தாது தெறித்திருக்கும். இவற்றுக்கு நடுவில், மெருகுக்கு மசியாமல் மேடாக எழுந்து நிற்கும் இருண்ட மணி ஒன்று தெரியும். ஒளியைக் கீழிருந்து செலுத்தும் மெல்லிய வெட்டில் அதையே பார்த்தால் அழகான பச்சை. அதுதான் கானைட். ஸ்பேலரைட்டின் ஓரத்தைச் சுற்றி அது வளர்ந்திருக்கும் விதத்தைப் பார்க்கும்போது, துத்தநாகம் ஒரு கனிமத்திலிருந்து இன்னொன்றுக்குக் குடிபெயர்ந்தது கண்முன் நிற்கும்.

தாது தேடுபவருக்குக் கானைட் நல்ல நண்பன். ஸ்பேலரைட் மழையில் அழுகிக் கரைந்துவிடும். கானைட் அழுகாது, மண்ணிலும் ஓடை மணலிலும் அப்படியே மிஞ்சும். மணலை அலசிக் கனமான மணிகளைப் பிரித்து, அதில் பச்சைக் கானைட் வந்தால் மேலே எங்கோ துத்தநாகம் இருக்க வாய்ப்பு உண்டு. புரோக்கன் ஹில் வட்டாரத்தில் கானைட் உள்ள பாறைகளைத் தாதுவின் அடையாளமாகவே பார்க்கிறார்கள்.

ஆனால் சுரங்கம் நடத்துபவருக்கு அதே கானைட் இழப்பு. சல்ஃபைடுத் தாதுவை அரைத்து நீரில் கலக்கி, சிறப்பு வேதிப்பொருள் சேர்த்துக் காற்றை ஊதுவார்கள். சல்ஃபைடு மணிகள் குமிழியில் ஒட்டிக்கொண்டு நுரையோடு மேலே வரும், மற்றவை கீழே தங்கும். கானைட் சல்ஃபைடு அல்ல, ஆக்சைடு. அது கழிவோடு போய்விடும். எப்படியாவது பிடித்து உருக்காலைக்கு அனுப்பினாலும் கந்தக அமிலத்தில் கரையாது. தூய கானைட்டில் எடையில் 36 சதவீதம் வரை துத்தநாகம் இருக்கும், ஆனால் ஒரு கிராம்கூட நம் கைக்கு வராது. உதாரணத்துக்கு, ஒரு பாறையில் மொத்தம் நான்கு சதவீதம் துத்தநாகம் என்று பகுப்பாய்வு சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் கால்பங்கு கானைட்டில் அடைபட்டிருந்தால் எடுக்கக்கூடியது மூன்றுதான். லாபமா நட்டமா என்ற விளிம்பில் நிற்கும் படிவுக்கு இந்த ஒன்று உயிர்ப்பிரச்சினை. அறிக்கைகளில் உலோகச் சதவீதத்தை மட்டும் போட்டுவிட்டு, அந்த உலோகம் எந்தக் கனிமத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று சொல்லாமல் விடுவது எனக்கு எப்போதும் கோபம் வரவழைக்கும்.

இப்போது நேர் பதில். மாமண்டூரில் கணக்கிடப்பட்ட தாது பத்து லட்சம் டன்னுக்கும் குறைவு. ராம்புரா ஆகூச்சாவில் கோடிக்கணக்கான டன், அதுவும் நூறு கிலோ தாதுவில் பத்துக் கிலோவுக்கு மேல் துத்தநாகம். சுரங்கம் என்றால் தண்டுகுழி, நீரேற்றம், அரைவை ஆலை, கழிவுத் தேக்கம் எல்லாம் வேண்டும். பெரிய படிவானாலும் சிறிய படிவானாலும் இவற்றில் பல செலவுகள் ஏறக்குறைய அதே அளவுதான். பத்து லட்சம் டன்னுக்குள் அடங்கும் தாது அந்தச் சுமையைத் தாங்காது. வெள்ளி கொஞ்சம் சேர்ந்து கிடைத்தால் கணக்கு மேம்படும், தலைகீழாக மாறிவிடாது. கழிவையும் மறக்கக் கூடாது. பைரோடைட் காற்றும் நீரும் பட்டால் அமிலம் கசியும். கிணற்றுப் பாசனத்தை நம்பும் வட்டாரத்தில் சிறிய படிவுக்காக அந்த அபாயத்தை ஏற்பது சரியல்ல என்பது என் உறுதியான கருத்து. அண்டை மாநிலத்தில் அக்னிகுண்டலாவில் ஈயச் சுரங்கம் திறந்து நடத்தி, பிறகு மூடியே விட்டார்கள்.

அதனால் கதை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். பழைய துளைகளில் பெரும்பாலானவை தரைக்கு மேல் தெரிந்த அடையாளத்தைத் துரத்திப் போனவை. மடிப்புகளில் தாது பிதுங்கிச் சேரும் இடங்கள் மேலே தலைகாட்ட வேண்டிய அவசியம் இல்லை. 2023இல் கனிமச் சட்டத்தைத் திருத்தியபோது, ஆழத்தில் கிடைக்கும் 29 கனிமங்களுக்கென்று தனி ஆய்வு உரிமம் கொண்டுவந்தார்கள். செம்பு, ஈயம், துத்தநாகம், வெள்ளி நான்கும் அந்தப் பட்டியலில் உண்டு. அதே ஆண்டு டிசம்பரில் தேசிய நிலவியல் தரவுத் தளமும் திறக்கப்பட்டது. சுற்றாய்வு அறிக்கைகளையும் ஓடை மண் பகுப்பாய்வு எண்களையும் சென்னையில் வீட்டில் இருந்தபடியே தேடிப் படிக்கலாம். கேள்வி கேட்டவர் மாணவராக இருந்தால் அங்கிருந்து தொடங்கட்டும். சார்னோகைட்டைக் கையால் தொட்டுப் பார்க்கப் பரங்கிமலைப் படிக்கட்டு ஓரமே போதும்.

புதிதாகத் துளையிடும் முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. இத்தகைய பழைய துளைகளிலிருந்து எடுத்த பாறை உருளைகள், அவற்றை அரைத்த மாவு ஆகியவை எங்கெல்லாம் பாதுகாக்கப்பட்டுள்ளனவோ, அவற்றில் துத்தநாகத்தை இரண்டு வழியில் அளக்க வேண்டும். ஒன்று, ராஜதிராவகம் என்ற கடும் அமிலக் கலவையில் கரைத்து. அதில் ஸ்பேலரைட் கரையும், கானைட் கரையாது. மற்றது, முழுப்பாறையையும் உருக்கிக் கரைத்து. இரண்டு எண்களுக்கும் உள்ள இடைவெளி, கானைட்டில் சிக்கிய துத்தநாகம் எவ்வளவு என்று சொல்லிவிடும். ஒரு நல்ல ஆய்வகத்துக்கு இது சில வார வேலை. புதுத் துளை ஒன்றுக்கு ஆகும் செலவில் சிறு பகுதிகூட ஆகாது. அந்த எண்கள் துளை வாரியாக வெளியானால், மாமண்டூருக்கு அடியில் மேலும் துளையிடுவது நியாயமா என்ற விவாதத்தை அன்றைக்குத் தொடங்கலாம்.