பையைத் திருப்பிப் பாருங்கள்

வணக்கம் அம்மா. கரூரிலிருந்து நீங்கள் எழுதியதைப் படித்தேன். மகள் உயிரியல் பிரிவில் பிளஸ் டூ. நீட் பயிற்சிக்குப் பணம் கட்டியாயிற்று. பிள்ளையோ சிநேகிதிகளோடு மொட்டை மாடியில் உட்கார்ந்து வெட்டுத் துணியில் பை தைக்கிறாள். போன வருஷம் ஒரு விழாவுக்கு ஏழு பேர் சேர்ந்து மூங்கிலும் செய்தித்தாளும் வைத்து 12 அடியில் அய்யனார் குதிரை கட்டினார்களாம். "இதெல்லாம் சோறு போடுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

போடும். எல்லாருக்கும் இல்லை, எடுத்த எடுப்பிலும் இல்லை. உங்கள் மகளுக்குப் போடுமா என்பதைப் பார்ப்போம்.

கடிதத்தோடு அவள் தைத்த பை ஒன்றையும் அனுப்பியது நல்லதாயிற்று. கையில் எடுத்ததும் அதை உள்பக்கம் திருப்பினேன். வெளிப்பக்கத்தை யாரும் அழகாகக் காட்டிவிடலாம், உள்ளே பார்த்தால்தான் கை தெரியும். லைனிங் மடிப்பில் பிசிறு இல்லை. ஜிப் முடியும் இடத்தில் இரட்டைத் தையல் போட்டு இறுக்கியிருக்கிறாள். கைப்பிடி மட்டும் ஒரு பக்கம் அரை அங்குலம் தூக்கல். அதைப் பிரித்து மறுபடி தைத்துப் பார்த்த ஊசித் துளைகளும் தெரிகின்றன. எனக்குப் பிடித்தது அந்தத் துளைகள்தான். (நீலகிரித் தோடர் பெண்கள் சிவப்பும் கறுப்புமாகப் போடும் பூத்தையலில், நாம் பின்பக்கம் என்று நினைப்பதைத்தான் அவர்கள் முகப்பாக வைத்துக்கொள்வார்கள். அதற்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது.)

அப்புறம் மகளிடம் போனில் பேசினேன். பை என்ன விலை என்றேன். 250 ரூபாய் என்றாள். துணி தெரிந்த கம்பெனியில் சும்மா கிடைக்கிறது. ஜிப், லைனிங், நூல் 80 ரூபாய். எவ்வளவு நேரம் ஆகிறது என்றால் ஆறு மணி நேரம். மிச்சம் 170 ரூபாய். வகுத்துப் பார்க்கச் சொன்னேன். மணிக்கு 28 ரூபாய் சொச்சம். நூறு நாள் வேலைக்குப் போனால்கூட இதைவிடக் கூலி அதிகம். பிள்ளை கொஞ்ச நேரம் பேசவில்லை. கைவினையில் இறங்குகிறவர்களில் பாதிப்பேர் இந்த வகுத்தலைப் போடாமலேயே இரண்டு வருஷம் ஓட்டிவிட்டு, "ஜனங்களுக்கு ரசனை இல்லை" என்று கடையை மூடுகிறார்கள். அவளுக்கு இது 17 வயதில் தெரிந்துவிட்டது.

அடுத்து, குதிரையில் உன் வேலை என்ன என்று கேட்டேன். இந்தக் கேள்விக்கு "ஐடியா என்னுடையது" என்று ஆரம்பிக்கிற பிள்ளைகளைப் பற்றி எனக்குக் கொஞ்சம் யோசனைதான். இவள் சொன்னது வேறு. கழுத்து இரண்டு தரம் சாய்ந்துவிட்டது, முன்னங்காலை அகட்டி வைத்த பிறகுதான் நின்றது, மைதாப் பசை போதாமல் ராத்திரியில் கிளறினோம் என்று எல்லாமே "நாங்க, நாங்க" என்றுதான் வந்தது. மூங்கில் வாங்கிய கணக்கு அவள் கையில். ஒருத்தியோடு சண்டை போட்டு நான்கு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை, ஆனாலும் இரண்டு பேரும் தினம் வேலைக்கு வந்திருக்கிறார்கள். வரையத் தெரிவதைவிட இது அபூர்வம் அம்மா.

ஏன் இதை இவ்வளவு பெரிதாகச் சொல்கிறேன் என்றால், இந்தத் துறையில் தனியாக நின்று பிழைத்தவர்கள் குறைவு. சென்னை ஓவியக் கல்லூரி முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர் 1966-ல் தன் மாணவர்களோடு சோழமண்டலம் கலைஞர் கிராமத்தைத் தொடங்கினார். சென்னையை ஒட்டிய இஞ்சம்பாக்கத்தில் கடலோரமாக ஏறக்குறைய 10 ஏக்கர். அரசாங்கம் கொடுத்த இடம் அல்ல, பணக்காரப் புரவலரும் இல்லை. பாத்திக் துணி (மெழுகு தடவிச் சாயம் ஏற்றுவது) முதலான கைவினைப் பொருள்களைச் சேர்ந்து செய்து விற்ற காசுதான் அதற்குப் பெரிய ஆதாரம். கைவேலையில் வயிற்றைப் பார்த்துக்கொண்டு மிச்ச நேரத்தில் படம் வரைந்தார்கள். கிராமம் இன்னும் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூட்டிப் போய்க் காட்டுங்கள்.

இன்னொன்றும் உண்டு. தருமபுரி மாவட்டம் சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் லம்பாடிப் பழங்குடிப் பெண்களின் பூத்தையல் ஏறக்குறைய மறந்தே போயிருந்தது. வயதான ஒன்றிரண்டு பேருக்குத்தான் கை நினைவு இருந்தது. அங்கே மருத்துவமனை நடத்தும் டாக்டர் லலிதாவின் முயற்சியில் 2006-ல் 'போர்கை' என்ற அமைப்பு உருவாகி, இப்போது அந்தப் பெண்கள் சட்டையும் புடவையும் பூத்தையல் போட்டு வெளியூருக்கு விற்கிறார்கள். போர்கை என்றால் அவர்கள் பேச்சில் பெருமிதம்.

சரி, படிப்புக்கு வருவோம். சென்னை தரமணியில் உள்ள நிஃப்ட் என்ற மத்திய அரசு ஆடை வடிவமைப்புக் கல்லூரியில் பி.டெஸ், அதாவது வடிவமைப்புப் பட்டம் படிக்க எந்தப் பிரிவில் பிளஸ் டூ முடித்திருந்தாலும் போதும், உயிரியல் தடையில்லை. நுழைவுத் தேர்வு உண்டு. வழக்கமாக பிப்ரவரியில் எழுத்துத் தேர்வு. அதில் தேறியவர்களைக் கூப்பிட்டு, கையில் பொருள்களைக் கொடுத்து, குறித்த நேரத்துக்குள் ஒரு மாதிரி செய்யச் சொல்வார்கள். குதிரை கட்டியவளுக்கு அது பயமாக இருக்காது. செலவுதான் பயம். நான்கு வருஷத்துக்கு 10 லட்சத்தைத் தாண்டும். அதை முடித்தவர்கள் எல்லாரும் ஆடை வடிவமைப்பாளர் ஆவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எனக்குத் தெரிந்தவர்களில் பலர் திருப்பூர், பெங்களூரு ஏற்றுமதி நிறுவனங்களில் மெர்ச்சண்டைசர். வாங்குகிற கம்பெனிக்கும் தைக்கிற தொழிற்சாலைக்கும் நடுவே நின்று சாம்பிள், விலை, தேதி எல்லாம் பார்க்கிற வேலை. மூங்கில் கணக்கு எழுதியவளுக்கு அதுவும் சரிப்பட்டு வரும்.

அவ்வளவு பணம் முடியாது என்றால் சென்னை அரசு கவின்கலைக் கல்லூரி இருக்கிறது. 1850-ல் தொடங்கியது, கட்டணம் அரசுக் கட்டணம், துணி வடிவமைப்புக்குத் தனிப் பிரிவே உண்டு. வீட்டுக்குப் பக்கம் வேண்டுமென்றால் சேலத்தில் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம். அங்கே டிப்ளமோ மூன்று வருஷம். கரூரில் தறிச் சத்தத்திலேயே வளர்ந்த பிள்ளைக்கு சேலத்தை இரண்டாம் பட்சமாக நினைக்காதீர்கள். நூலும் சாயமும் தெரிந்த வடிவமைப்பாளரை யாரும் வெளியே விடமாட்டார்கள்.

வடிவமைப்பு நுழைவுத் தேர்வுக்கென்று பெரிய பயிற்சி நிலையத்தில் இப்போதே லட்சக் கணக்கில் கட்ட வேண்டாம். பிளஸ் டூ தேர்வு முடிந்ததும் ஒரு மாதம் உங்கள் ஊர் ஜவுளிக் கம்பெனி ஒன்றில் கட்டிங், தையல், செக்கிங் எல்லாப் பிரிவிலும் நிற்கட்டும். சம்பளம் கேட்க வேண்டாம், சாப்பாட்டு நேரத்தில் அங்கே வேலை செய்யும் அக்காமாரோடு உட்காரட்டும். மாதம் முடிந்தும் மொட்டை மாடிக்குப் போய் மெஷினைத் திறக்கிறாளா என்று மட்டும் கவனியுங்கள். திறக்கவில்லை என்றால் வேறு வழி பேசுவோம், நஷ்டம் ஒன்றுமில்லை. குதிரையின் படங்களை எடுத்து வைக்கச் சொல்லுங்கள். சாய்ந்து கிடந்த கழுத்துப் படம் இருந்தால் அதை முதலில் வைக்கட்டும். பின்னால் எந்த நேர்காணலுக்குப் போனாலும் அதைத்தான் கேட்பார்கள்.

உறவுக்காரர்கள் ஏதாவது சொன்னால், டெய்லரிங் படிக்க வைக்கிறேன் என்று தைரியமாகச் சொல்லுங்கள். அதில் என்ன குறை?

இந்தப் பையை நானே வைத்துக்கொள்கிறேன், கைப்பிடித் தூக்கலோடு. பணம் அனுப்ப வேண்டும். விலையை மகளிடமே கேட்டுச் சொல்லுங்கள். 250 என்று சொன்னால், திரும்பக் கணக்குப் போட்டுவிட்டு வரச் சொல்லுங்கள்.