மகளின் கொரியாவும் தந்தையின் கொரியாவும்

வாசகர் கேள்விகள்

கேள்வி: எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் எந்நேரமும் கொரியப் பாடல்களும் தொடர்களுமாகவே இருக்கிறாள். அந்நாட்டுத் தெருக்கள், சாப்பாடு, பள்ளிச் சீருடை எல்லாவற்றையும் நேரில் பார்த்தவள் போல விவரிக்கிறாள். 2024 ஜனவரியில் கரூர் மாவட்டச் சிறுமிகள் மூவர் கொரியாவுக்குப் போவதாக வீட்டை விட்டுக் கிளம்பிய செய்தியைப் படித்ததிலிருந்து எனக்கு உறக்கமில்லை. கைப்பேசியைப் பிடுங்கி வைத்துவிடலாமா?
— ஒரு தாய், நாமக்கல்

பதில்: உங்கள் அச்சம் நியாயமானது. அந்தச் சிறுமிகளுக்கு 13 வயது. பி.டி.எஸ். என்ற கொரியப் பாடகர் குழுவை நேரில் பார்ப்பதற்காக, சுமார் 14,000 ரூபாயை வைத்துக்கொண்டு, விசாகப்பட்டினம் போய் அங்கிருந்து கப்பலேறிவிடலாம் என்று எண்ணிக் கிளம்பினார்கள்; நல்லவேளையாகக் காட்பாடி ரயில் நிலையத்தில் மீட்கப்பட்டார்கள். 5,000 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள ஒரு நாடு, கைப்பேசித் திரையில் நாள்தோறும் பார்த்துப் பார்த்து, பக்கத்து ஊரைப் போல அவர்கள் மனத்தில் நெருங்கி வந்துவிட்டது என்பதுதான் இதில் என்னை வருத்துகிறது.

ஆனால் இதைப் புதிய தலைமுறையின் கோளாறு என்று எண்ணிவிடாதீர்கள். உங்கள் மகளின் வயதில் என் கனவு நாடு சோவியத் ஒன்றியமாக இருந்தது. ‘சோவியத் நாடு’ இதழின் வழவழப்பான தாள்களைப் பிரித்துத்தான் நாங்கள் பள்ளி நோட்டுகளுக்கு அட்டை போடுவோம். என் கணக்கு நோட்டின் மேல் கோதுமை வயலில் நின்ற ஒரு பெண் ஆண்டு முழுவதும் சிரித்துக்கொண்டே இருந்தார். மூலைகள் கிழிந்து, மை சிந்தி, அரையாண்டுத் தேர்வு முடிந்தும் அந்தச் சிரிப்பு மாறவில்லை. மாஸ்கோவில் தமிழிலேயே அச்சாகி மலிவு விலையில் வந்த கதைப் புத்தகங்களைப் படித்துவிட்டு, பனி என்றால் என்னவென்று அறியாத நாங்கள் பனியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். கடைவாசலில் நீண்ட வரிசையில் காத்து நின்றவர்களின் படம் எந்த நோட்டின் அட்டையிலும் வந்ததில்லை. 1991 டிசம்பரில் அந்த நாடு கலைந்துபோனபோது, எனக்குத் தெரிந்தது எவ்வளவு குறைவு என்று முதன்முறையாக உணர்ந்தேன். அந்த அன்பு பொய்யானது என்று இன்றும் நான் சொல்ல மாட்டேன். எங்களுக்கு வந்த படங்களை எங்களுக்காக வேறு யாரோ தேர்ந்தெடுத்து அனுப்பினார்கள், அவ்வளவுதான்.

கொரியாவின் கதையிலும் இது உண்டு. 1997இல் பொருளாதார நெருக்கடியில் சிக்கிய தென்கொரியா, கிம் டே ஜுங் அதிபராக இருந்த காலத்தில் பண்பாட்டையே ஓர் ஏற்றுமதித் தொழிலாக வளர்க்க முடிவு செய்து, 1999இல் அதற்கென்று சட்டமும் இயற்றியது. பாடகர்களின் திறமையும் உழைப்பும் உண்மையானவை. அவற்றோடு அரசின் முதலீடும் திட்டமும் சேர்ந்துதான் அந்தப் பாடல்களை உங்கள் வீட்டுக் கூடம்வரை கொண்டுவந்திருக்கின்றன என்பதை மகளுக்குச் சொல்லலாம்.

கைப்பேசியைப் பிடுங்க வேண்டாம். பிடுங்கினால் அவள் நினைப்பது உங்களுக்குத் தெரியாமல் போகும் என்பதைத் தவிர வேறெதுவும் நடக்காது. அவளுக்குப் பிடித்த இடத்திலிருந்தே பேச்சைத் தொடங்குங்கள். பி.டி.எஸ். குழுவினர் ஏழு பேரும் பாட்டை நிறுத்திவிட்டுக் கட்டாய ராணுவச் சேவைக்குப் போனார்கள், கடைசியாகப் போனவர் 2025 ஜூனில்தான் பணி முடித்தார் என்பது அவளுக்கு உங்களைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். ஏன் போக வேண்டியிருந்தது என்று கேளுங்கள். 1953இல் வடகொரியாவுடனான போர் நிறுத்தப்பட்டதே தவிர, இன்றுவரை அமைதி உடன்படிக்கை கையெழுத்தாகவில்லை என்பதில் போய் நிற்பீர்கள். பிறகு பள்ளியைப் பற்றிக் கேளுங்கள். நவம்பரில் நடக்கும் கல்லூரி நுழைவுத் தேர்வான ‘சுனுங்’ நாளில், ஆங்கிலம் கேட்டு எழுதும் பகுதிக்காக அரைமணி நேரத்துக்கும் மேல் நாடு முழுவதும் விமானங்கள் ஏறவும் இறங்கவும் தடை. மாணவர்கள் நெரிசலில் சிக்காமலிருக்க அலுவலகங்களும் பங்குச் சந்தையும்கூடத் தாமதமாகத் திறக்கின்றன. நம் பிள்ளைகளின் பொதுத்தேர்வுப் பயத்தை அறிந்த உங்களுக்கு அந்த ஊர்த் தாய்மாரின் அன்றைய மனநிலை நன்றாகப் புரியும்.

இன்னொன்றையும் தவறாமல் செய்யுங்கள். பாஸ்போர்ட், விசா, விமானக் கட்டணம், அங்கே ஒரு வாரம் தங்கும் செலவு ஆகியவற்றை ஒரு தாளில் மகளையே கணக்குப் போடச் சொல்லுங்கள். படித்து வேலைக்குப் போனபின் நிறைவேறக்கூடிய ஆசைதான் அது என்பதையும் அந்தத் தாளிலேயே அவள் கண்டுகொள்வாள்.

கேள்வி: ‘அம்மா’, ‘அப்பா’ என்ற சொற்கள் கொரிய மொழியிலும் இருக்கின்றன, நம் பாண்டிய நாட்டு இளவரசிதான் அங்கே அரசியானார் என்று ஒரு காணொலியில் பார்த்தேன். அப்படியானால் கொரியர்கள் நம் உறவினர்களா?
— 10ஆம் வகுப்பு மாணவி, தஞ்சாவூர்

பதில்: அன்பு மகளே, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு எழுதினார், இன்றைய மொழியியலாளர்கள் பெரும்பாலோர் அந்த உறவை ஏற்பதில்லை. குழந்தையின் வாய்க்கு முதலில் வரும் ஒலிகள் என்பதால் பெற்றோரைக் குறிக்கும் சொற்கள் உலகெங்கும் ஒன்றுபோல அமைந்துவிடுகின்றன. ஜார்ஜிய மொழியில் ‘மாமா’ என்றால் தந்தை என்பதை நீ ரசிப்பாய். அரசி ஹோ ஹ்வாங் ஓக் ‘அயுத’ என்ற நாட்டிலிருந்து கடல் கடந்து வந்தார் என்று 13ஆம் நூற்றாண்டுக் கொரிய நூல் ஒன்று கூறுகிறது. அது அயோத்தி என்போரும் தமிழகக் கடற்கரை என்போரும் உண்டு, எதற்கும் உறுதியான சான்றில்லை. ஐயத்துக்கே இடமில்லாத இணைப்பு வேண்டுமென்றால், 1950இல் கொரியப் போர்க்களத்துக்கு லெப்டினன்ட் கர்னல் ஏ. ஜி. ரங்கராஜ் தலைமையில் சென்று காயம்பட்டோருக்கு மருத்துவம் பார்த்த, இந்திய ராணுவத்தின் 60ஆவது பாராசூட் கள மருத்துவப் பிரிவைப் பற்றித் தேடிப் படி.

கேள்வி: ஸ்ரீபெரும்புதூர் அருகே, கொரிய நிறுவனம் ஒன்றுக்கு உதிரிபாகம் செய்யும் ஆலையில் 11 ஆண்டுகளாக ஷிஃப்ட் சூப்பர்வைசராக இருக்கிறேன். நான் அறிந்த கொரியா, ‘பல்லி, பல்லி’ என்று விரட்டும் அதிகாரியின் குரல். பிளஸ் ஒன் படிக்கும் என் மகளோ, கொரியர்களைப் போல மென்மையானவர்கள் உலகத்திலேயே இல்லை என்கிறாள். கைப்பேசியைப் பார்த்தே கொரிய எழுத்துகளையும் கற்றுவிட்டாள். என் இயந்திரத்தின் மேல் ஒட்டியிருக்கும் கொரிய வரியை இத்தனை ஆண்டுகளாகியும் எனக்குப் படிக்கத் தெரியாது. அவளுக்கு உண்மையை எப்படிப் புரியவைப்பது?
— ஒரு தந்தை, சுங்குவார்சத்திரம்

பதில்: இந்தக் கடிதத்தை நான் பலமுறை படித்தேன். ஒரே வீட்டில் இரண்டு கொரியாக்கள் இருக்கின்றன, இரண்டுமே துண்டுகள். அவள் பார்த்தது காதலும் விருந்துமாக வெட்டி ஒட்டிய பதினாறு மணி நேரக் கதைகள். நீங்கள் பார்த்தது உற்பத்தி இலக்குக்குப் பதில் சொல்ல வேண்டிய சில அதிகாரிகளை, அதுவும் வேலை நேரத்தில் மட்டும்.

‘சீக்கிரம், சீக்கிரம்’ என்று பொருள்படும் அந்தச் சொல்லை அந்நாட்டவரே தங்கள் இயல்பைக் குறிக்கப் பயன்படுத்துகிறார்கள். போரில் தரைமட்டமான நாடு ஒரே தலைமுறையில் கப்பலும் காரும் செய்யும் நாடாகியது இந்த வேகத்தால்தான். அதே வேகம் அங்குள்ள பிள்ளைகளையும் விடவில்லை: சியோலில் தனிப்பயிற்சி நிலையங்கள் இரவு 10 மணிக்குள் மூடப்பட வேண்டும் என்று விதி போடும் அளவுக்கு நிலைமை போயிருக்கிறது. ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை 2023இல் 0.72 ஆகக் குறைந்ததற்கு, வீட்டு விலையோடும் கல்விச் செலவோடும் நீண்ட வேலை நேரத்தையும் அங்குள்ளவர்கள் காரணமாகச் சொல்கிறார்கள். உங்களை விரட்டும் குரலும் உங்கள் மகள் ரசிக்கும் பாடகர்களின் பிசகாத நடனமும் ஒரே பட்டறையில் பழக்கப்பட்டவை.

ஆகவே, ‘கொரியர்கள் இப்படித்தான்’ என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள். சொன்னால் அவள் கேட்க மாட்டாள், அது உண்மையாகவும் இருக்காது. நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள்: இலக்கு தவறிய நாளில் யார் என்ன பேசினார்கள், கேன்டீனில் அவர்கள் எங்கே உட்கார்ந்து என்ன சாப்பிடுகிறார்கள், 11 ஆண்டுகளில் எவராவது உங்கள் குடும்பத்தைப் பற்றிக் கேட்டதுண்டா. அவளிடமும் கேட்க உங்களுக்கு ஒன்று இருக்கிறது. 15ஆம் நூற்றாண்டில் மன்னர் சேஜோங், எழுத்தறியாத எளிய மக்களும் கற்றுக்கொள்ள வேண்டும் என்றே உருவாக்கிய எழுத்து அது. அதைத்தான் உங்கள் மகள் தானாகவே கற்றிருக்கிறாள். அடுத்த ஷிஃப்ட் முடிந்து வரும்போது, இயந்திரத்தின் மேலுள்ள அந்த வரியை ஒரு தாளில் பார்த்து எழுதிக்கொண்டு வந்து, படித்துச் சொல்லும்படி அவளிடம் கொடுங்கள்.