வங்கிக் கடிதத்தில் ‘செட்டில்மென்ட்’ வேண்டாம்

வணக்கம் ஐயா. பணிக்கொடையில் வீட்டுக் கடன் முழுவதையும் ஒரேயடியாக அடைக்கப் போகிறீர்கள். வங்கிக்கு எழுதும் ஆங்கிலக் கடிதத்தில், ஒரே முறையில் கட்டும் மொத்தத் தொகையைக் குறிக்க ‘லம்ப்சம்’ என்று எழுதலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

லம்ப், சம் இரண்டையும் பிரித்தே எழுதுங்கள். நம் நாட்டு மியூச்சுவல் ஃபண்ட் விளம்பரங்கள்தான் சேர்த்து எழுதுகின்றன. பின்னால் ‘பேமென்ட்’ வந்தால் மட்டும் நடுவில் சிறு கோடு. ‘சம்’ என்பதற்கு எஸ்-யூ-எம் என்பதே சரி. உங்கள் வரைவில் எஸ்-ஓ-எம்-இ என்று இருக்கிறது.

ஆனால் அதே வரைவில் உள்ள ‘ஒன் டைம் செட்டில்மென்ட்’ என்பதை உடனே அடித்துவிடுங்கள். முழுக் கடனைக் கட்ட முடியாதவரிடம், ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்து கணக்கை முடிப்பதற்கு நம் வங்கிகள் வைத்திருக்கும் பெயர் அது. அப்படி முடிந்தால், உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் ‘செட்டில்ட்’ என்று பதிவாகி, அடுத்த கடனுக்குத் தடையாகும். ஒரு ரூபாய்கூடக் குறைக்காமல் கட்டும் உங்களுக்கு ‘குளோஸ்ட்’ என்றுதான் பதிவாக வேண்டும்.

இப்படி எழுதுங்கள்: ‘ஐ விஷ் டு ரீபே தி என்டயர் அவுட்ஸ்டாண்டிங் அமவுன்ட் இன் எ லம்ப் சம் அண்ட் குளோஸ் தி லோன்.’ அந்த ‘எ’ விடுபடக் கூடாது. ‘ஃபோர்குளோஷர்’ என்றாலும், கடனை முன்கூட்டியே முடிப்பதாக இங்கே புரிந்துகொள்வார்கள். அமெரிக்காவில் அது வங்கி வீட்டைப் பறிப்பதைக் குறிக்கும்.

கடன் தீர்ந்த 30 நாட்களுக்குள் மூலப் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2023 உத்தரவு. அதையும் கடிதத்தில் கேளுங்கள்.