வாசகர் கேள்வி – பதில்: ‘நெக்லஸ்’ கதையை வைத்து முரண்நகையைக் கற்பித்தல்

கேள்வி: உயர்நிலை வகுப்புகளுக்கு இலக்கியம் கற்பிக்கிறேன். சூழல் முரண்நகையை, அதாவது ஒருவருடைய செயல் அவர் விரும்பியதற்கு நேர்மாறான விளைவைத் தருவதை, விளக்க பிரெஞ்சு எழுத்தாளர் மாப்பசானின் ‘நெக்லஸ்’ கதையை எடுத்துக்கொள்கிறேன். மாணவர்களுக்குக் கதை பிடித்துவிடுகிறது. ஆனால் முரண்நகை எங்கே இருக்கிறது என்று கேட்டால், ‘கடைசியில் எதிர்பாராத திருப்பம்’ என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். இதற்கு மேல் அவர்களை எப்படி அழைத்துச் செல்வது?

பதில்: திருப்பம் வாசகருக்கு நேர்வது, முரண்நகை பாத்திரத்தின் செயலுக்குள் இருப்பது. இதை வரையறையாகச் சொன்னால் மாணவர்கள் மனப்பாடம் செய்துவிடுவார்கள். கதைக்குள் எந்த இடம் என்று அவர்களே விரல் வைத்துக் காட்டும்படி செய்ய வேண்டும்.

1884 பிப்ரவரியில் பாரிஸின் ‘லெ கோலுவா’ நாளிதழில் வெளிவந்த கதை இது. கல்வி அமைச்சக எழுத்தர் ஒருவரின் மனைவியான மத்தில்த், அமைச்சர் அளிக்கும் விருந்துக்காகத் தோழி ஃபோரஸ்தியேயிடம் வைர நெக்லஸ் ஒன்றை இரவல் வாங்கித் தொலைத்துவிடுகிறாள். அதே போன்ற ஒன்றை 36,000 ஃபிராங்குக்கு வாங்கித் திருப்பிக் கொடுக்கிறார்கள். அதில் 18,000 ஃபிராங்க் கணவனின் தந்தை விட்டுச் சென்ற பணம். மீதி முழுவதும் கடன். வேலைக்காரியை நிறுத்திவிட்டுப் பாத்திரம் துலக்கி, தண்ணீர் சுமந்து, பத்து ஆண்டுகளில் கடனை அடைத்த பிறகு தோழியைச் சந்திக்கும்போதுதான், தொலைந்தது போலி நகை என்பதும், அது அதிகம் போனால் 500 ஃபிராங்க் பெறும் என்பதும் தெரியவருகின்றன.

முதல் வாசிப்பில் கடைசிப் பக்கத்தை மாணவர்களிடம் கொடுக்காதீர்கள். கடன் அடைந்த இடத்தில் நிறுத்தி, மத்தில்த் எதை விரும்பினாள், அதற்காக என்ன செய்தாள், அந்தச் செயலால் அவளுக்கு என்ன வந்தது என்று எழுதச் சொல்லுங்கள். செல்வச் சீமாட்டியாகத் தோன்ற விரும்பி இரவல் வாங்கியவள், அந்த இரவலாலேயே தான் முன்பு அறிந்திராத வறுமைக்குள் போய்விட்டாள் என்று சிலராவது எழுதுவார்கள். போலி நகை என்ற செய்தி தெரியாமலேயே முரண்நகையின் பாதியை அவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள் என்பதை அப்போதே எடுத்துச் சொல்லுங்கள்.

பிறகு முடிவை வாசிக்கவிட்டு, உடனே கதையின் தொடக்கத்துக்குத் திரும்புங்கள். இரண்டாம் வாசிப்பில் நகையைத் தேட வேண்டாம். அது இருந்த கறுப்பு சாட்டின் பெட்டியைப் பின்தொடரச் சொல்லுங்கள். இரவல் கேட்டவுடன் தோழி சிறிதும் தயங்காமல் சம்மதிக்கிறாள். நகை தொலைந்த பிறகு, காலிப் பெட்டிக்குள் எழுதியிருந்த பெயரைக் கொண்டு கணவனும் மனைவியும் ஒரு நகைக்கடைக்காரரைத் தேடிப் போகிறார்கள். அவர் கணக்குப் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, தாம் அந்த நெக்லஸை விற்கவில்லை, பெட்டியை மட்டுமே கொடுத்திருக்க வேண்டும் என்கிறார். உண்மை அந்தக் கடையில் அவர்கள் முன் வந்து நிற்கிறது. நகையும் பெட்டியும் ஏன் வெவ்வேறு இடத்தைச் சேர்ந்தவை என்று அவர்கள் கேட்கவில்லை. இறுதியில் புதிய நகையைக் கொண்டு கொடுக்கும்போது, தோழி பெட்டியைத் திறந்து பார்ப்பாளோ, மாற்றத்தைக் கண்டுபிடித்துத் தன்னைத் திருடி என்று நினைப்பாளோ என்று மத்தில்த் அஞ்சுகிறாள். தோழி திறக்கவில்லை. திறந்து, வேறுபாட்டைக் கவனித்திருந்தால், அந்த நிமிடமே எல்லாம் வெளிவந்திருக்கும். கடனும் பெரும்பாலும் மிஞ்சியிருக்காது. தன்னைக் காப்பாற்றக்கூடிய ஒன்றையே அவள் அஞ்சினாள். கதையில் எனக்கு மிகக் கூர்மையாகத் தோன்றும் இடம் இதுதான். ஒரு பாடவேளை முழுவதையும் இந்தப் பத்திக்கே கொடுக்கலாம்.

கேள்வி: ‘நகை தொலைந்தது தற்செயல்; அது அவளுடைய கெட்ட நேரம். இதில் முரண்நகை எங்கே?’ என்று என் மாணவர் ஒருவர் கேட்டார். நான் சொன்ன பதில் எனக்கே நிறைவாக இல்லை.

பதில்: உங்கள் மாணவர் நன்றாக வாசித்திருக்கிறார், அவருடைய கேள்வியை வகுப்பின் முன் வையுங்கள். தொலைந்தது விபத்து என்பது சரியே. விபத்துக்குப் பின் நடந்தவை விபத்து அல்ல. கொக்கி உடைந்துவிட்டதாகவும், அதைச் சரிசெய்யக் கொடுத்திருப்பதாகவும் தோழிக்குக் கடிதம் எழுதச் சொல்லிக் கணவன் வாசகத்தைச் சொல்ல, மத்தில்த் எழுதுகிறாள். தேடுவதற்கு அவகாசம் வேண்டும் என்று சொன்ன அந்தச் சிறு பொய்தான், உண்மையை அறியக்கூடிய ஒரே ஆளிடமிருந்து அவர்களைப் பிரித்துவிடுகிறது. பின்பு, இரவல் வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுத்தே ஆக வேண்டும் என்ற நேர்மை, அவர்களைக் கடனுக்குள் தள்ளுகிறது. பொய்யும் நேர்மையும் சேர்ந்து ஒரே விளைவை உண்டாக்குவதைப் பார்த்த மாணவர், ‘பேராசைக்குக் கிடைத்த தண்டனை’ என்று இந்தக் கதையை எளிதில் சுருக்கிவிட மாட்டார்.

கதையை மாற்றிப் பார்ப்பதும் உதவும். தொலைந்தது உண்மையான வைரம் என்று வைத்துக்கொண்டால் பத்து ஆண்டு உழைப்பு அப்படியே இருக்கும், துயரமும் இருக்கும். ஆனால் அந்த உழைப்புக்குத் தேவையே இல்லாமல் இருந்தது என்ற நிலை போய்விடும். எதை நீக்கினால் முரண்நகை மறைகிறது என்று மாணவர்களே சோதித்துப் பார்க்கட்டும்.

கேள்வி: சூழல் முரண்நகையையும் நாடக முரண்நகையையும் மாணவர்கள் குழப்பிக்கொள்கிறார்கள். இதே கதை போதுமா?

பதில்: போதும். பாத்திரம் அறியாததை வாசகர் முன்பே அறிந்திருப்பதுதான் நாடக முரண்நகை. முதல் வாசிப்பில் மத்தில்துக்குத் தெரிந்த அளவுதான் நமக்கும் தெரியும். முடிவில் அவளுடன் சேர்ந்து நாமும் அறிகிறோம். இரண்டாம் வாசிப்பில் நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. ஆகவே கணவன் கடனுக்குக் கையெழுத்திடும் பக்கங்களையும், அவள் காசு காசாகப் பேரம் பேசும் பக்கங்களையும் நாடக முரண்நகையை வாசிப்பதுபோல் பதைப்புடன் வாசிக்கிறோம். பாத்திரம் அறியாததை வாசகர் முன்பே அறிந்திருக்கிறாரா என்று மட்டும் கேட்கப் பழக்கினால் குழப்பம் குறையும்.

கேள்வி: முரண்நகை என்றால் முடிவு கசப்பாகத்தான் இருக்க வேண்டுமா? சிறு வகுப்புகளுக்கு இந்தக் கதை கனமாக இருக்கிறது.

பதில்: கசப்பு கட்டாயமில்லை. அமெரிக்க எழுத்தாளர் ஓ. ஹென்றி 1905இல் எழுதிய கிறிஸ்துமஸ் பரிசுக் கதையைச் சிறு வகுப்புகளுக்குக் கொடுங்கள். டெல்லா தன் கூந்தலை 20 டாலருக்கு விற்று, கணவன் ஜிம்மின் பைக்கடிகாரத்துக்கு 21 டாலரில் பிளாட்டினச் சங்கிலி வாங்குகிறாள். ஜிம்மோ அந்தக் கடிகாரத்தை விற்று, அவள் கூந்தலுக்கான சீப்புகளை வாங்கி வருகிறான். ஒருவர் செய்த தியாகம் மற்றவர் தந்த பரிசைப் பயனற்றதாக்குகிறது. அவர்களுடைய அன்பு மட்டும் குறையவில்லை. இங்கே இரு செயல்களும் எதிரெதிரே வெளிப்படையாக நிற்பதால், சிறுவர்கள் கதையின் அமைப்பைத் தாங்களாகவே கண்டுகொள்வார்கள். ‘நெக்லஸ்’ கதையை இரண்டு ஆண்டுகள் கழித்துக் கொடுத்தாலும் தவறில்லை.