வயசானா நடுங்கத்தான் செய்யுமா? - கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,
அப்பாவுக்கு 71 வயசு, போன மாசம் பார்க்கின்சன்னு சொல்லிட்டாங்க. சொந்தக்காரங்க எல்லாம் வயசானா கை நடுங்கத்தான் செய்யும், இதுக்குப் போய் எதுக்கு டாக்டர்னு கேக்குறாங்க. இது மூளைல பரவுற நோய்னு நெட்ல படிச்சேன். அம்மாதான் கூடவே இருந்து பாத்துக்கறாங்க, அவங்களுக்கு ஒட்டிக்குமா? வயசுதான் காரணம்னா நாம செய்ய என்ன இருக்கு?

அன்புள்ள நண்பருக்கு,

ஒட்டாது, அதை இன்னைக்கே அம்மாகிட்ட சொல்லிடுங்க. பரவுறதுங்கறது அப்பாவோட மூளைக்குள்ளயே, ஒரு செல்லுலேருந்து அடுத்த செல்லுக்கு.

ஆல்ஃபா சைனூக்ளின்னு ஒரு புரோட்டீன், நம்ம எல்லார் மூளையிலயும் இருக்கு, அது கோணலா மடிஞ்சு திரண்டுச்சுன்னா பக்கத்துல இருக்கற நல்லதையும் அதே மாதிரி மடிய வைக்கும், பாலுக்கு உறை ஊத்துற மாதிரி. 2003ல ஹைக்கோ பிராக்னு ஒரு ஜெர்மன் ஆராய்ச்சியாளரும் அவர் குழுவும், இந்தத் திரள் மூளைத்தண்டுலயும் வாசனை அறியுற பகுதியிலயும் ஆரம்பிச்சு மேல ஏறுதுன்னு எழுதினாங்க. எல்லாருக்கும் அதே வரிசைல போறதில்ல. ஆனா நடுக்கத்துக்குப் பல வருஷம் முன்னாடியே வாசனை தெரியாம போறது, மலச்சிக்கல், தூக்கத்துல கனவு கண்டு கைகால உதறுறது இதெல்லாம் நிறைய பேருக்கு வருதே, அதோட இது பொருந்துது.

என்னை ரொம்ப யோசிக்க வச்சது 2008ல வந்த ஆய்வுகள். பார்க்கின்சன் வந்தவங்க சிலர் மூளைல சிகிச்சைக்காகக் கருவுலேருந்து எடுத்த நரம்பு செல்களை வச்சிருந்தாங்க, பதினொண்ணுலேருந்து பதினாறு வருஷம் கழிச்சு அவங்க இறந்தப்புறம் பாத்தா அந்த இளம் செல்கள் சிலதுலயும் அதே திரள்! சுத்தி இருந்த நோயாளி மூளைலேருந்துதான் வந்திருக்கணும்னு பல பேர் நினைக்கறாங்க, எனக்கும் அப்படித்தான் படுது.

வயசு இங்கதான் உள்ள வருது. செல்லுக்குள்ள கெட்டுப்போன புரோட்டீனை உடைச்சுக் கரைக்கற லைசோசோம் வேலை வயசாக ஆக மந்தமாகுது, துப்புரவு பண்ற மைக்ரோக்ளியா செல்களும் சரியா விழுங்காம அழற்சியைக் கிளப்பி விடுது, உடம்பு அசைவுக்கு வேண்டிய டோபமின்ங்கற ரசாயனத்தைச் சுரக்கற செல்கள்ல, சக்தி குடுக்கற மைட்டோகாண்ட்ரியாவும் தளர்ந்துடுது, அப்போ இளம் வயசுல கரைஞ்சு போயிருக்கக் கூடிய திரள் தங்கிப் போய் பக்கத்து செல்லுக்கும் தாவ வழி கிடைக்குது. அதுக்காக வயசே நோய்னு சொல்லிட முடியாது, 60 தாண்டினவங்கள்ல சுமார் நூத்துக்கு ஒருத்தருக்குத்தான் பார்க்கின்சன் வருது. சொந்தக்காரங்க பேச்சைக் கேட்டு வைத்தியத்தைத் தள்ளிப்போடாதீங்க.

பரவலை நிறுத்தறதுக்கு நிரூபிக்கப்பட்ட மருந்து இன்னும் இல்ல. ஆனா லெவோடோபா மாத்திரை நடமாட்டத்தை நல்லாவே மீட்டுக் குடுக்கும், தினமும் உடற்பயிற்சியும் உதவும். மாத்திரையை நேரம் தவறாம குடுங்க, நீங்களா திடீர்னு நிறுத்திடாதீங்க. தூக்கத்துல உதறுறாரான்னு அம்மாகிட்ட கேட்டு அடுத்த தடவை நரம்பு டாக்டர்கிட்ட மறக்காம சொல்லுங்க.