தேனீயின் முழங்கால் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

1920களின் அமெரிக்கக் கதையொன்றை மொழிபெயர்த்து வருகிறேன். அதில் ஒரு பெண் தன் காதலனை ‘பீஸ் நீஸ்’ என்கிறாள். தேனீயின் முழங்கால் எப்படிப் பாராட்டாகும்? காலில் மகரந்தம் சேர்வதால் என்கிறார்கள். பீ ஜாக்சன் என்ற நடனக்காரியின் பெயர் என்றும் சொல்கிறார்கள். எது சரி?

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டும் இல்லை. தேனீயின் பின்னங்காலில், முழங்கால் மூட்டுக்குக் கீழே மகரந்தக் கூடை இருப்பது உண்மைதான். ஆனால் அதே காலத்தில் பாம்பின் இடுப்பு, விலாங்கின் கணுக்கால், பூனையின் பைஜாமா என்றும் புகழ்ந்தார்கள். விலாங்கின் கணுக்காலில் ஏது மகரந்தம்? பீ ஜாக்சன் கதைக்கு ஆண்டே இடிக்கிறது. அவருக்குப் புகழ் தேடித்தந்த சார்ல்ஸ்டன் நடனம் அமெரிக்காவெங்கும் பற்றிக்கொண்டது 1923 இறுதியில். இந்தத் தொடரோ 1922இல் வந்த ஃப்ளாப்பர் அகராதியிலேயே இருக்கிறது (ஃப்ளாப்பர் என்றால் அக்காலத்தின் துடுக்கான நவநாகரிக இளம்பெண்).

ஒரு விலங்கு, அதற்குப் பொருந்தாத உறுப்போ உடையோ. அவ்வளவுதான் இவற்றின் இலக்கணம். நம் குதிரைக்கொம்பு மாதிரி. நாம் அதை அரிது என்பதோடு நிறுத்திக்கொண்டோம், அவர்கள் அரிதை அருமையாக்கிவிட்டார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் தேனீயின் முழங்கால் என்றால் மிகச் சிறியது என்று பொருள். பிறகு, இல்லாத சரக்கைச் சொல்லிக் கேலிசெய்ய உதவியது. பாராட்டானது 1920களில்தான். எதுகை இருந்ததால் ‘பீஸ் நீஸ்’ பிழைத்தது, விலாங்கு போய்விட்டது.

பூனையின் பைஜாமாவைப் பரப்பியவராக விளையாட்டுக் கார்ட்டூனிஸ்ட் டேட் டார்கனைச் சொல்வார்கள். பைஜாமா இந்துஸ்தானியிலிருந்து போன சொல், அன்று அங்கே புது நாகரிகம். இதே வகைப் பாராட்டான பூனை மீசை மட்டும் நிஜமாகவே உண்டு. அக்கால ரேடியோவில் கலீனா படிகத்தைத் தொட்டு நிலையம் தேடும் மெல்லிய கம்பிக்கும் அதுவே பெயர்.

மொழிபெயர்ப்பில் நேர்ச்சொல் வேண்டாம். துடுக்கான, கொஞ்சம் அசட்டுத்தனமான புகழ்ச்சியாக இருந்தால் போதும். கதையில் ஜாஸ் கலைஞர் யாராவது வந்தால் கவனம் தேவை. இவை ஜாஸ் காலத்தின் சொற்களே தவிர ஜாஸ் மேடையின் சொற்கள் அல்ல. ஃப்ளாப்பர் பெண்களும் செய்தித்தாள்களும் பரப்பியவை. இசைக்காரர்களின் பாராட்டு வேறு ரகம். ஜாஸ் பாடகர் கேப் காலோவே 1938இல் வெளியிட்ட அகராதியில் ‘சாலிட்’, ‘மெல்லோ’, ‘இன் த க்ரூவ்’ என்று வரும். இவற்றில் விலங்கும் இல்லை, வேடிக்கையும் இல்லை. ஒரே வார்த்தையில் நறுக்கென்று தமிழாக்குங்கள்.